1000 துண்டு என்றார், வந்தது 969: போட்டோ பஸில் ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள், முக்கியமாகத் தீபாவளிக்கு வீட்டுப் பெரியவர்களுக்குப் பழைய போட்டோவைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி கோக்கும் பஸிலாகச் செய்து கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள், காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும்.

2020-இல் மலேசியாவில் பி.கே.பி. என்ற நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தொற்றிய பழக்கம் எங்களுக்கு இது. ஹாலில் பாய் விரித்து, அதன்மேல் ஒரு பிளைவூட் பலகை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு மூலை. அம்மா விளிம்புத் துண்டுகளை மட்டும் பொறுக்குவார். பையன் வானத்தைத் தொடவே மாட்டான், எல்லாம் ஒரே நீலம் என்று அழுவான். அப்பா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். திடீரென்று கையை நீட்டி ஒரு துண்டை எடுத்து வைப்பார், 'டக்' என்று உட்காரும். முப்பது வருஷம் விடியாத இருட்டில் ரப்பர் பால்மரம் வெட்டிய கண் அது.

அவருக்காகத்தான் இந்த ஆர்டரே. 1987-இல் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் எடுத்த ஒரு போட்டோ எங்களிடம் இருந்தது. அப்பா, அம்மா, இடுப்பில் நான், ஓரத்தில் பால் வாளி தொங்கும் சைக்கிள். அந்த லயம் இப்போது இல்லை, அந்த இடம் முழுக்கச் செம்பனை. போட்டோவை 1000 துண்டாக, 70-க்கு 50 சென்டிமீட்டரில் செய்து தருவதாக ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். 168 வெள்ளி (ரிங்கிட்). கடைப் பெயர் ஒன்று, காசு போடச் சொன்ன பேங்க் கணக்கில் இருந்த ஆள் பெயர் வேறு. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை, "அக்கா அக்கா" என்று பேசுகிறான், இவனைச் சந்தேகப்படுவானேன் என்று போட்டுவிட்டேன்.

போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினேன். இது என் தப்பு. என் போனில் எடுத்த நகல் 4000 பிக்சல் அகலம். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது அதைச் சுமார் 1600-க்குச் சுருக்கிவிடுகிறது. 70 சென்டிமீட்டரில் அச்சடித்தால் ஓர் அங்குலத்துக்கு 58 பிக்சல்தான் கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு 150-ஆவது வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அச்சுத் தொழில் செய்கிறவருக்குப் படத்தைத் திறந்ததுமே தெரிந்திருக்கும். "அக்கா, டாக்குமெண்டா அனுப்புங்க" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பெட்டி வந்தது. அட்டை, ரொட்டி டப்பா அட்டையைவிட மெல்லிசு. இரண்டு துண்டைக் கோத்துத் தூக்கினால் கழன்று விழுகிறது. அதைவிடக் கொடுமை, தப்பான இடத்திலும் பொருந்துகிறது. நல்ல பஸிலில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வளைவு இருக்கும், இடம் மாறினால் கை சொல்லிவிடும். இதில் கூரைத் தகரம் புல்தரையில் போய் அழகாக உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் அம்மா சொன்னார், "விளிம்பு மூடலடி." கீழ் வரிசையில் மூன்று, இடப்பக்கம் நான்கு துண்டு இல்லை. குவியலில் கலந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். அன்றைக்கே எண்ணியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆயிரம் துண்டை 40-க்கு 25 என்று வெட்டினாலும், சில கம்பெனிகள் வெட்டுவதுபோல் 38-க்கு 27 என்று 1026 ஆக வெட்டினாலும், மூலையையும் சேர்த்து விளிம்பு சரியாக 126 வர வேண்டும். எங்களுக்கு வந்தது 119.

மூன்று வாரம் உட்கார்ந்து முடித்தோம். மொத்தம் 31 ஓட்டை. அதில் ஒரு கொத்து, சரியாக அந்தச் சைக்கிள் இருந்த இடத்தில். அப்பா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். "மூணு மாசம் தவணை கட்டி வாங்குன சைக்கிளு, அதையா காணோம்னு சொல்ற?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

விற்றவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "அக்கா, மெஷின் கட்டிங், பீஸ் குறைய சான்ஸே இல்ல. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்கதானே?" இருக்கிறார்கள். பூனைகூட இருக்கிறது. அதனால்தான் என்னால் ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. புகார் மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று ரிசிட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். அதன்பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஆயிரம் துண்டில் ஒன்று குறைவது கடைசி நாளில்தான் தெரியும், ஏமாற்றுகிறவருக்கு இதைவிட வசதி வேண்டுமா? 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் உலகப் படத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின்மேல் அறுத்துப் பிள்ளைகளுக்கு விற்றார். அதில் ஒரு நாடு காணாமல் போனால் பெட்டியைத் திறந்த உடனே தெரிந்திருக்கும்!

பையின் அடியில் காகிதத் தூளும், மேல்படம் உரிந்த தோலும் கிடந்தன. மழுங்கின வெட்டு அச்சில் வெட்டி, பிரிக்கும்போது கிழிந்த துண்டுகளை வீசிவிட்டு மிச்சத்தைக் கட்டியிருப்பார் என்பது என் ஊகம்.

இப்போது எங்கள் வீட்டில் எந்தப் பெட்டி வந்தாலும் பிரிப்பதிலிருந்து வீடியோ. அப்புறம் முப்பது குழி முட்டைத் தட்டு நான்கை எடுத்து வைப்போம். குழிக்குப் பத்துத் துண்டு. மூன்று தட்டு நிரம்பி, நான்காவதில் பத்துக் குழி வந்தால் ஆயிரம். இதைப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் முடிக்கிறார்கள். எண்ணி முடிக்கும்வரை யாரும் ஒரு துண்டைக்கூடக் கோக்கக் கூடாது. ஆப்பில் வாங்கினால் 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானையும் அதுவரை தொடாதீர்கள். அதை அழுத்தினால் காசு விற்றவர் கைக்குப் போய்விடும். நான் ஆப்பை விட்டு நேராகக் கணக்கில் போட்டதால் அந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போனது. மோசடிக் கணக்கா என்று பார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், புகார் எதுவும் இல்லை. என்னைப்போல எத்தனை பேர் 168 வெள்ளிதானே என்று விட்டார்களோ.

மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்று சொல்லும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளிவரை கேட்கலாம். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் எதிராளியின் முகவரி வேண்டும். என்னிடம் பிளாக் ஆன ஒரு நம்பர்தான் இருந்தது. நல்ல வேளை, அம்மா எந்தப் பெட்டியையும் வீச மாட்டார். முறுக்கு டின்களை அடுக்கி வைத்திருந்த கூரியர் பெட்டியில் அனுப்பியவர் முகவரி ஒட்டியபடியே இருந்தது.

தீர்ப்பாயத்துக்கான மனுப் பாரத்தை நிரப்பிவிட்டேன், திங்கட்கிழமை ஈப்போவுக்குப் போகிறேன். தோட்டத்துப் போட்டோ கொடுத்து இதே மாதிரி மெல்லிசு அட்டைப் பஸில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அதற்குள் எனக்கு மெசேஜ் போடுங்கள். ஆளுக்கு ஒரு பாரம் தனியாகப் போட வேண்டும், நிரப்ப நான் உதவுகிறேன். கூரியர் பெட்டியை மட்டும் வீசிவிடாதீர்கள்.