படத்தொகுப்பை மேசையில் பரப்பிப் பார்க்கும் ஓர் இடம்: ஒளிப்பட மாணவர்களுக்கான கருத்துரைச் சேவை

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவர் ஒருவர் கல்லூரியை விட்டு வெளியேறும்போது, பட்டச் சான்றிதழைவிட அவருக்கு அதிகம் பயன்படப்போவது, தேர்ந்தெடுத்த படங்களின் தொகுப்பான அவருடைய போர்ட்ஃபோலியோதான். அதற்கு மதிப்பெண் போட ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். மதிப்பெண்ணைப் பற்றிய நினைப்பே இல்லாமல், இந்தப் படங்கள் ஒன்றுசேர்ந்து என்ன சொல்கின்றன என்று பொறுமையாகப் பார்த்துச் சொல்லும் வெளியாள் கிடைப்பதுதான் அரிது. சென்னையில் அனுபவமுள்ள ஒளிப்படக் கலைஞர்கள் இருவர் தங்கள் ஸ்டுடியோவில் இதைக் கட்டணச் சேவையாகச் செய்துவருகிறார்கள். மதுரையில் பாடம் நடத்தும் நான் என் மாணவர்களை அவர்களிடம் அனுப்பிவருகிறேன். சில அமர்வுகளில் உடன் இருந்தும் பார்த்திருக்கிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் ஸ்டுடியோவின் பெயரைத் தவிர்க்கிறேன். வேறு ஊரில் இப்படி ஓர் இடத்தைத் தேடுபவர்களும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அமர்வு ஒரு மணி நேரம். மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் பாதிக் கட்டணம். அதே கட்டணத்தில் ஓராண்டுக்குள் இரண்டாம் முறையும் வரலாம். முன்பதிவின்போதே ஒரு நிபந்தனையைச் சொல்லிவிடுகிறார்கள். படங்களைக் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ காட்டக் கூடாது. முப்பது நாற்பது படங்களை நாலுக்கு ஆறு அங்குல அளவில், பளபளப்பில்லாத மேட் காகிதத்தில், ஆல்பமாகக் கட்டாமல் தனித்தனிப் பிரிண்டுகளாகக் கொண்டுவர வேண்டும். செலவு சில நூறு ரூபாய்தான் என்றாலும் மாணவர்கள் முதலில் முணுமுணுப்பதுண்டு. திரையில் ஒரு படம் வந்தவுடன் முந்தைய படம் கண்ணைவிட்டுப் போய்விடும். மேசையில் எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும்போதுதான், பதினைந்து படங்கள் ஒரே உயரத்திலிருந்து எடுக்கப்பட்டிருப்பதும், எந்த முகமும் நம்மைப் பார்க்காமலிருப்பதும் மாணவருக்கே புலப்படுகின்றன. லேபில் கொடுக்கும்போது தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லிவிடும்படியும் அறிவுறுத்துகிறார்கள். அந்தத் திருத்தம் கறுத்த முகங்களை வெளுப்பாக்கி, மாணவர் பார்த்துப் பார்த்து எடுத்த நிழலை அழித்துவிடுகிறது என்பதை நானும் கண்டிருக்கிறேன்.

அமர்வு எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு மாணவியின் அனுபவத்தைச் சொல்வது போதுமானது. அவர் சிவகாசிப் பக்கத்தைச் சேர்ந்தவர். தந்தை காலண்டர் தயாரிக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். அவர் கொண்டுபோன படங்களில் காசிமேட்டு மீன் ஏலம், மெரினாவின் சூரிய உதயம், குலசை தசரா வேடங்கள், அலங்காநல்லூர் வாடிவாசல், கூவாகம் என்று தமிழ்நாட்டில் கேமரா வாங்கும் எவரும் முதல் இரண்டு ஆண்டுகளில் போய்வரும் இடங்கள் அனைத்தும் இருந்தன. படங்கள் தரமானவை, அவற்றில் இரண்டுக்குக் கல்லூரிப் போட்டிகளில் பரிசும் கிடைத்திருந்தது. அமர்வை நடத்திய கலைஞர் முதல் பத்து நிமிடம் எதுவும் பேசாமல் படங்களை நகர்த்தி நகர்த்தி அடுக்கினார். பிறகு, "நீ அங்கே போகாமலிருந்தாலும் வேறு யாராவது எடுத்திருக்கக்கூடிய படங்களையெல்லாம் ஒதுக்கிவை, பார்ப்போம்" என்றார். மாணவி நெடுநேரம் யோசித்து, ஒவ்வொன்றாக ஒதுக்கினார். பரிசு பெற்ற படங்களும் ஒதுங்கிய பிறகு மேசையில் மிஞ்சியவை ஆறு: காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் கை, அட்டையில் ஒட்டக் காத்திருக்கும் தேதித்தாள் கட்டுகள், உறங்கும் தந்தைக்கு மேலே சுவரில் இன்னும் வராத ஆண்டின் காலண்டர் என்று, எண்ணிக்கைக்காக அவர் கடைசியில் சேர்த்திருந்தவை.

அதன் பிறகு நடந்த உரையாடலுக்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம். அங்கிருந்து மார்கழி வரை வேலை எப்படிச் சூடுபிடிக்கிறது, எந்த மாதத்தில் இரவு வேலை தொடங்குகிறது, வீட்டில் எப்போது பணம் புழங்குகிறது என்று அந்தக் கலைஞர் கேட்கக் கேட்க, மாணவி தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். லென்ஸின் துளை அளவு (அபெர்ச்சர்), ஷட்டர் வேகம் பற்றிய பேச்சே வரவில்லை. படமெடுக்க வேண்டிய மாதங்களையும், யாருடைய அனுமதியை முதலில் கேட்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டு மாணவி வெளியே வந்தார். மதுரை ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார், மீன் விற்கும் தன் தாயைப் படமெடுத்து எழுதிய கட்டுரையை, கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்தும் பாரி (PARI) இணையதளத்தில் தேடிப் பார்க்கும்படியும் அந்த அமர்வில் சொன்னார்கள். சொந்த வீட்டைப் படமெடுப்பது எளிது என்று எண்ணும் மாணவருக்கு அதைவிடப் பொருத்தமான பாடத்தை நான் அறியேன்.

இரண்டாம் அமர்வு முழுவதும் தேர்வையும் வரிசையையும் பற்றியது. ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955-லும் 1956-லும் அமெரிக்காவெங்கும் பயணம் செய்து 767 படச்சுருள்களை எடுத்தார் என்பதையும், 1958-இல் பாரிசில் வெளியான அவருடைய நூலில் இடம்பெற்றவை 83 படங்கள் மட்டுமே என்பதையும் நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தான் எடுத்த படத்தைத் தன் கையால் மேசையிலிருந்து எடுத்து உறைக்குள் போடும்போது மாணவருக்கு அது புரிவதைப் போல என் சொல்லால் புரிந்ததில்லை. அந்த மாணவியின் தொகுப்பு இறுதியில் பதினான்கு படங்களாக நின்றது. தந்தையின் உறக்கம் முதலில் வந்தால் இரக்கம் கோருவதாகவும், வேலையின் நெரிசலுக்குப் பின்னால் வந்தால் அவருக்கு உரிய ஓய்வாகவும் தெரிந்ததை நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கண்டோம்.

பேச்சு முழுவதும் தமிழில் நடப்பது, என்னைப் பொறுத்தவரை, இந்தச் சேவையின் மிகப் பெரிய வலிமை. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி வந்தால் தலையசைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஏன் எடுத்தாய் என்று அவர்களுடைய மொழியில் கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறார்கள். வெளிநாட்டு ஒளிப்படப் பெருவிழாக்களில் படத்தொகுப்பைக் காட்டும் நேர்காணல்கள் வேறு வகை. ஹூஸ்டனின் ஃபோட்டோஃபெஸ்டில், படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்பவர் ஒவ்வொருவருடனும் இருபது நிமிடம். எதிரே இருப்பவர் காட்சியகப் பொறுப்பாளராகவோ பதிப்பாளராகவோ இருப்பார். முடிந்த பணியை வைத்திருப்பவருக்கு அது வாய்ப்பு. இன்னும் தேடிக்கொண்டிருக்கும் இருபது வயதினருக்கு அந்த வேகம் ஒத்துவராது. குஜராத்தின் காந்திநகரில் உள்ள என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) வளாகத்தின் ஒளிப்பட வடிவமைப்பு முதுகலைப் படிப்பு போன்றவற்றுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும், தங்கள் படங்களைப் பற்றித் தயங்காமல் பேச இந்த அமர்வுகள் நல்ல பழக்கம் தருகின்றன.

குறைகளில் முதலாவது, எழுத்தில் எதுவும் தருவதில்லை என்பது. ஒலிப்பதிவுக்கும் அனுமதியில்லை. ஒரு மணி நேரம் கேட்டதில் பாதி, ஊருக்குத் திரும்பும் பேருந்திலேயே மறந்துபோகிறது. ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரி எழுதிக் கொடுத்தால்கூடப் போதும் என்று கேட்டுப் பார்த்தேன், இதுவரை பலனில்லை. நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று குறிப்பெடுக்கச் சொல்வதற்குத் தடையில்லை என்பதால், இப்போது மாணவர்களை இருவர் இருவராக அனுப்புகிறேன்.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. இருவருமே, உள்ளதை உள்ளபடி பதிவுசெய்யும் ஆவண ஒளிப்படப் பாணியில் ஊறியவர்கள். திருமணம், விளம்பரம், ஃபேஷன் படங்களைக் கொண்டுபோகும் மாணவருக்கு அதே அக்கறை கிடைப்பதில்லை. திருமணப் படங்களை மட்டும் கொண்டுபோன ஒரு மாணவரிடம், வேறு ஏதாவது எடுத்துக்கொண்டு வா என்று இருபது நிமிடத்திலேயே முடித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒளிப்படத்தை நம்பி வாழ்பவர்களில் பலருக்குச் சோறு போடுவது கல்யாண மண்டபம்தான். மண்டபத்தின் பச்சை, மஞ்சள் விளக்குகளுக்கு நடுவே தாலி கட்டும் நொடியில் நெருக்கியடிக்கும் உறவினர்களை எப்படிச் சமாளித்துப் படமெடுப்பது, பெண்ணின் தாய் தனியே நிற்கும் கணத்தை எப்படிக் காண்பது என்பவை ஆழ்ந்து பேசத் தக்க கேள்விகள். அவற்றைத் தாழ்வாகக் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றே அதை நேரில் சொன்னேன். அப்படிப்பட்ட மாணவர்கள், நல்ல திருமண ஒளிப்படக் கலைஞர் ஒருவரிடம் சில முகூர்த்தங்களுக்கு உதவியாளராகச் சென்று, அவரிடமே தங்கள் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்பது நல்லது.

தங்கள் ஊரையும் மனிதர்களையும் படமெடுக்க விரும்பும் மாணவர்களுக்கு, கொடுக்கும் பணத்துக்கு இந்தச் சேவை நிச்சயமாக ஈடானது. முன்பதிவு தொலைபேசியில் மட்டுமே. சனி, ஞாயிறுகளில் இடம் கிடைக்கச் சில வாரங்கள் காத்திருக்க நேரும். இறுதி ஆண்டின் தொடக்கத்தில், ஜூன் மாதத்திலேயே முதல் அமர்வுக்குச் சென்றுவிட்டால் சொன்னதை மனத்தில் வைத்து மீண்டும் படமெடுக்க நேரம் இருக்கும். மார்ச்சில் செல்பவர்களுக்கு, இருக்கும் படங்களின் வரிசையை மாற்றிக்கொள்ள மட்டுமே முடியும்.