பேட் டிடெக்டரோடு இரண்டு வருடம்

மலேசியாவில் சித்தியவான் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன டவுன் எங்களுடையது. வௌவால் கத்துவதைக் கேட்கும் ஆசையில் 400 வெள்ளி கொடுத்து இந்த பேட் டிடெக்டரை வாங்கினேன். கையடக்கப் பெட்டி, ஒரு திருகு, ஒரு ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான்.

நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூச்சி பிடிக்கும் வௌவால்கள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் கத்துகின்றன. திருகில் வைத்த எண்ணுக்கும் அந்தக் குரலுக்கும் உள்ள வித்தியாசத்தை இது நம் காதுக்கு எட்டும் ஒலியாக்குகிறது. 1938இல் ஹார்வர்டில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர் மீயொலி (நம் காதுக்கு எட்டாத கீச்சொலி) பிடிக்கும் கருவி ஒன்றின் முன் வௌவால்களைக் கொண்டுபோனபோதுதான் இந்தக் குட்டு உடைந்தது.

நான் நிற்பது ஒட்டுக்கடை எதிரே, தெருவிளக்கடியில். ஏழரைக்கு முதல் வௌவால் வரும். திருகை 45 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் டக்... டக்... டக்... நொடிக்குப் பத்து இருக்கும். பூச்சி தட்டுப்பட்டதும் டக்டக்டக் என்று நெருங்கி, ஜிப்பை இழுத்ததுபோல் 'ட்ர்ர்ர்ப்' என்று முடியும். வௌவால் தன் குரல் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துத்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது. இரை கிட்டே வர வர, அது எங்கே திரும்புகிறது என்று அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டுமே! கடைசிக் கணத்தில் நொடிக்கு நூற்றைம்பதைத் தாண்டிவிடுமாம். இரண்டு வருடமாகியும் அந்த 'ட்ர்ர்ர்ப்' எனக்குச் சலிக்கவில்லை. கடை அண்ணன்தான், "இன்னும் ரேடியோ ரிப்பேர் ஆகலையா?" என்பார்.

குறைகளும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசைதான் கேட்கும். 45இல் வைத்திருந்தால் 80இல் கத்துவது தெரியாமலே போகும். இவ்வளவு கீச்சான ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் உயரப் பறப்பவை எட்டாது. வெட்டுக்கிளிகளும் மீயொலி எழுப்பி ஏமாற்றும். முதல் மழைக்காலத்திலேயே மைக்கில் ஈரம் ஏறிக் கரகரத்தது. விற்றவரைக் கேட்டால், ஈரத்துக்கு வாரண்டி இல்லையாம். இப்போது அரிசி டப்பாவில் வைக்கிறேன்.

அப்புறம், எங்கள் கொய்யா மரத்துக்கு வரும் பழந்தின்னிகளிடம் பெட்டி வாயே திறக்கவில்லை. பழுதென்று நினைத்துப் பேட்டரிகூட மாற்றினேன். அவை கண்ணையும் மூக்கையும் நம்பிப் பழம் தேடுபவை என்பது பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் தெரிந்தவர் ஒருவரின் பறவைக்கூட்டுக் கட்டடத்துக்குள் (கூட்டை எடுத்து விற்பதற்காக உழவாரக் குருவிகளைத் தங்கவைக்கும் கட்டடம்) போனேன். பகலெல்லாம் கண்ணால் பார்த்துப் பூச்சி பிடிக்கும் உழவாரக் குருவிகள், அந்தக் கும்மிருட்டில் 'டிக்டிக்' என்று சொடுக்கி, அதன் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடித்து அவரவர் கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. வெறுங்காதுக்கே கேட்டது. பெட்டி பையிலேயே கிடந்தது.