மூன்று வருட ஸ்கூட்டர் பேட்டரி: சூடானது பிளக்தான்

கழற்றி எடுத்து வீட்டுக்குள் சார்ஜ் போடும் மின்சார ஸ்கூட்டர் பேட்டரி. பெங்களூரு அல்சூரில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. மூன்று வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை இவை. 13 செல் வரிசை, 30 ஆம்பியர்-அவர், என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) லித்தியம் ரகம். முழு சார்ஜில் 54.6 வோல்ட். கூட வந்த சார்ஜர் பேட்டரிக்குத் தருவது 10 ஆம்பியர். காலியிலிருந்து நிரம்ப மூன்றரை முதல் நாலு மணி நேரம், மீட்டரில் சுமார் 1.6 யூனிட்.

லித்தியம் என்றதும் எல்லாருக்கும் பேட்டரி மேல்தான் பயம். இங்கே தொந்தரவு வந்ததெல்லாம் சுவரில். சுவரிலிருந்து சார்ஜர் இழுப்பது 2.7 ஆம்பியர்தான், 6 ஆம்பியர் சாக்கெட்டுக்குக்கூட அது பாரமில்லை. ஆனால் மிக்ஸி அஞ்சு நிமிஷத்தில் நின்றுவிடும், சார்ஜர் நாலு மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய சாக்கெட்டுக்குள் பித்தளைப் பிடி தளர்ந்து ஒரு ஓம் தடை உண்டானால் போதும், 7 வாட் வெப்பம் கடுகளவு இடத்தில் குவியும். சூட்டில் பித்தளை கறுக்கும், கறுத்தால் தடை கூடும், இன்னும் சூடேறும். சாக்கெட் முகம் பழுப்பாக மாறியிருந்தால் இந்த வேலை எப்போதோ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்கு. மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதற்கென்று 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த், வீட்டில் இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்). சாக்கெட் சார்ஜர் பிளக்கின் அளவுக்கே இருக்கட்டும். 6, 16 ஆம்பியர் பிளக் இரண்டையும் ஏற்கும் சாக்கெட்டில் சின்ன பின் ஆடினால் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, சுருட்டி வைத்த ஒயரில் இன்னும் மோசம். ஒரு மணி நேரம் சார்ஜ் ஆனபின் புறங்கையால் பிளக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லையா, சுவிட்சை அணைத்து சாக்கெட்டை மாற்றுங்கள்.

சார்ஜர் பழுதானால் எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பின் பொருந்துகிற ஒன்று சுலபமாகக் கிடைக்கும். பின் பொருந்துவது ஒரு தகுதியே அல்ல. '48 வோல்ட்' என்று எழுதிய லெட்-ஆசிட் சார்ஜர் 57.6 வோல்ட் வரை ஏற்றும். 13 செல்லுக்குப் பிரித்தால் செல்லுக்கு 4.43, தாங்கும் வரம்பு 4.2. நடுவில் நின்று காப்பாற்றுவது பேட்டரிக்குள் செல்களைக் கண்காணித்துத் துண்டிக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் ஒன்றுதான். அது கடைசிப் பூட்டு, தினமும் இழுத்துப் பார்க்கிற கதவு அல்ல. பேட்டரியின் முழு சார்ஜ் வோல்ட்டும் சார்ஜர் லேபிளில் உள்ள அவுட்புட் வோல்ட்டும் தசமம் வரை பொருந்த வேண்டும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) ரகமென்றால் கணக்கே வேறு: செல்லுக்கு 3.65.

அடுத்தது சூடு. செல்கள் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்கக் கூடாது. பெங்களூரில் என்ன வெயில் என்று கேட்பார்கள். ஏப்ரல் மதியம் 35 டிகிரியில் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து வந்த பேட்டரி உள்ளுக்குள் எவ்வளவு கொதிக்கிறது என்பது வெளிக்கூட்டைத் தொட்டால் தெரியாது. வந்ததும் செருகாமல் முக்கால் மணி நேரம் ஆற விடுவது நல்ல பழக்கம். தகரக் கூரை பார்க்கிங்கில் மதிய சார்ஜ் வேண்டாம்.

வைக்கும் இடம்: டைல்ஸ் தரை, சுற்றிலும் ஒரு முழம் காலி. கட்டிலடி, சோபா, துணிக்கூடை பக்கம் ஆகாது. சின்ன வீடுகளில் வாசல் பக்கத்து பிளக்தான் வசதி, அதுதான் ஆபத்தும். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அடைபடும். தூங்கும்போது போடாமல், மாலையில் போட்டுப் படுக்கும் முன் எடுத்துவிடலாம்.

தினமும் 80 சதவீதத்தில் நிறுத்தினால் ஆயுள் கூடும், உண்மைதான். ஆனால் பல பிஎம்எஸ்கள் செல்களைச் சமன்படுத்துவது உச்சிக்குப் பக்கத்தில்தான். மாதம் ஒன்றிரண்டு முறை 100 வரை விட்டு, பச்சை விளக்கு வந்தபின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா, பாதி சார்ஜில் கழற்றி நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். காலியாக விட்டுப் போனால் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாம். ரொம்ப நாள் அப்படிக் கிடந்தால் உள்ளே செம்பு கரைந்து, திரும்ப ஏற்றும்போது ஷார்ட் ஆகக் கூடும். அதைத் தட்டி எழுப்பித் தருகிறேன் என்கிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள்.

மழைநீரில் மூழ்கிய பேட்டரியும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் பேஸ்மென்ட்கள் நிரம்பியதே, அந்த மாதிரி தண்ணீரில் கிடந்தது காய்ந்தபின் ஓடினாலும் நம்ப முடியாது. அரிப்பு உள்ளே மெதுவாக வேலை செய்யும். கூடு உப்பல், நெயில் பாலிஷ் போன்ற வாடை, 'உஸ்' சத்தம், இதில் ஒன்று வந்தாலும் சார்ஜ் நிறுத்தம். புகை வந்துவிட்டால் பவுடர் சிலிண்டரோடு சண்டை போடாதீர்கள். தீ அடங்கினாலும் செல் மறுபடி பற்றும், புகையும் நஞ்சு. கதவைச் சாத்தி, எல்லாரையும் இறக்கி, 101 அல்லது 112.

பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் பேட்டரி தயாரித்த தேதியைப் பாருங்கள். மின்சார இருசக்கர வண்டி பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதியின் மூன்றாம் திருத்தம் 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் 31இல் அடுத்த கட்டம் என்று அமலுக்கு வந்தது. ஒரு செல் பற்றினால் என்ன ஆகும் என்ற சோதனையும் அதில் உண்டு. அதற்கு முந்தைய பேட்டரியோடு வரும் வண்டி என்றால் விலையை அதற்கேற்பக் குறைத்துப் பேசுங்கள்.