465 ஜிபியில் 11 ஜிபி: ஒரே கணினியோடு 13 ஆண்டுகள்

2012 தொடக்கத்தில் பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு இந்த டெஸ்க்டாப் வந்தது. 1 டிபி ஹார்ட் டிஸ்க் போடுவதாகத்தான் இருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டுக் கடைசியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியதில் விலை ஏறிக் கிடந்தது. கையைச் சுருக்கி 500 ஜிபியோடு நிறுத்திக்கொண்டேன். திறந்து பார்த்தால் விண்டோஸ் 7 காட்டியது 465. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு நாள் பொருமினேன். பாவம், அவர்மேல் தப்பில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 107 கோடியே சொச்சம் என்று எண்ணுகிறது.

வாங்கிய காரணமே மச்சானின் மினிடிவி (MiniDV) வீடியோ கேமரா கேசட்டுகள்தான். வருடா வருடம் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி ரதத்தை எடுத்து வைத்திருந்தார். வீடியோ கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் போட்டு, கேசட் கேசட்டாகக் கணினியில் ஏற்றினேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 13 ஜிபி போகும். மூன்று வருடத்தில் காலி இடம் 11 ஜிபிக்கு வந்து நின்றது. அந்த 11 ஜிபிக்குள்ளேயே ஒரு கேசட்டின் பகுதியை ஏற்றிப் பார்த்தபோது தேர் இரண்டடி நகர்ந்து பத்தடி தாவியது. பிரவுசர் திறப்பதற்குள் ஒரு தே தாரேக் குடித்து முடித்துவிடலாம்.

கொம்தார் பக்கம் ஒரு கடையில் வேகம் கூட்டும் மென்பொருள் என்று ஒன்றைப் போட்டு 80 ரிங்கிட் வாங்கிக்கொண்டார்கள். அது தினமும் பச்சை வட்டம் காட்டியது. தேர் தாவுவது மட்டும் நிற்கவில்லை.

அக்கா மகன் பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவன், "மாமா, டிஃப்ராக் அப்புறம் போடலாம். முதல்ல இடம் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து ஆய்வை மட்டும் ஓட்டினான். டிஃப்ராக் என்பது டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் விண்டோஸ் கருவி. 31 சதவீதம் துண்டுபட்டிருந்தது. எனக்கு உறைத்தது அதற்குக் கீழே இருந்த வரிதான்: காலி இடத்திலேயே மிகப் பெரிய ஒற்றைத் துண்டு 300 எம்பிகூட இல்லை. 11 ஜிபி இருந்தது உண்மை. ஆனால் கிழிந்த துணி மாதிரி இருந்தது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பாதி காலி என்றால் பத்துப் பேர் குடும்பம் ஒரே வரிசையில் உட்காரும். நிரம்பிய நேரத்தில் வந்தால் இங்கே ஒரு இலை, அங்கே இரண்டு இலை. சாம்பார் வாளியோடு வருகிறவர் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் பரிமாற மண்டபம் முழுக்க ஓட வேண்டும். டிஸ்க்கில் வாளி தூக்கி ஓடுவது படிக்கும் முனை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டில், வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லிசெகண்ட் ஆகும். முனை நகரும் நேரம் தனி. ஒரு முறைக்கு அது ஒன்றுமே இல்லை. ஆயிரம் துண்டென்றால் பத்து வினாடிக்கு மேல். கேசட்டோ யாருக்கும் காத்திருக்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

மண்டபம் நிரம்பி வழியும்போது ஆட்களை எழுப்பி மாற்றி உட்கார வைக்கவும் முடியாதல்லவா? டிஃப்ராக்கும் அப்படித்தான். ஒழுங்காக வேலை செய்ய 15 சதவீதம் காலி வேண்டும் என்பது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணக்கு. என் டிஸ்க்குக்கு 70 ஜிபி. நான் 11ஐ வைத்துக்கொண்டு இரண்டு முறை இரவெல்லாம் ஓடவிட்டிருந்தேன்!

சரி என்று இடம் தேடினோம். கணினியை உறங்க வைக்கும்போது ரேமில் உள்ளதைச் சேமிக்கும் ஹைபர்னேட் கோப்பு 6 ஜிபி. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸ் 7 அதில் முக்கால் பங்கை ஒதுக்கி வைக்கும். மேசைக் கணினிக்கு அது எதற்கு, அணைத்துவிட்டேன். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் சேர்த்து வைத்த ரீஸ்டோர் பாயிண்டுகள் 20, குப்பைத் தொட்டியில் 14. குப்பைத் தொட்டிக்குப் போனது டிஸ்க்கைவிட்டுப் போகவில்லை என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. ஏழு கேசட்டின் 91 ஜிபியை வெளி டிஸ்க்குக்கு மாற்றினோம். 142 ஜிபி காலியானதும் டிஃப்ராக்கைப் போட்டோம். காலையில் பார்த்தால் தேர் ஒழுங்காக நகர்ந்தது என்று எழுத ஆசைதான். ஏற்கெனவே ஏறிய படத்தில் விட்டுப்போனது விட்டுப்போனதுதான். அந்தக் கேசட்டைத் திரும்ப ஏற்ற வேண்டி வந்தது. இம்முறை தாவவில்லை. கணினி திறக்கும் நேரமும் நாலு நிமிடத்திலிருந்து இரண்டுக்குள் வந்தது.

டிஃப்ராக் அறிக்கையில் துண்டுபட்டது பூஜ்யம் சதவீதம் என்று வரவில்லையே என்று கொஞ்ச நாள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். வீண் வேலை. 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் கண்டுகொள்வதே இல்லை. அவ்வளவு பெரிய துண்டைப் படித்துவிட்டு ஒரு தாவல் தாவினால் பெரிதாக நேரம் போகாது. விண்டோஸ் 7 தானாகவே புதன்கிழமை அதிகாலை 1 மணிக்கு டிஃப்ராக் செய்யும்படி அமைத்திருக்கிறது. நாங்கள் இடிக்குப் பயந்து இரவில் பிளக்கைப் பிடுங்குகிற வீடு. தவறினால் கணினி சும்மா இருக்கும்போது ஓடுமாம். பிள்ளைகள் அதைச் சும்மா இருக்க விட்டால்தானே! ஞாயிறு மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

2019இல் சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 10 ஏற்றினேன். கணக்கு தெரிந்ததால் 223 என்று காட்டியபோது அசரவில்லை. அதில் முனையும் இல்லை, ஓட்டமும் இல்லை; துண்டுகளால் பெரிய வித்தியாசம் கிடையாது. டிஃப்ராக் பொத்தானை அமுக்கி அமுக்கி எழுதினால் தேய்மானம்தான் மிச்சம். வாராவாரம் விண்டோஸ் அதற்கு டிரிம் கட்டளை அனுப்பி, அழித்த இடம் எதுவென்று சொல்லிவிடுகிறது. ஆனால் எஸ்எஸ்டிக்கும் மூச்சு விட இடம் வேண்டும். 9 ஜிபிக்கு இறங்கியபோது பெரிய அப்டேட் ஒன்று ஏற மறுத்தது. இன்னொரு அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸ் ஃபோல்டர் இடத்தை அடைத்துக்கொண்டது. பத்து நாளில் அதுவே போய்விடும் என்று தெரியாமல் படங்களை அழித்துத் தொலைத்தேன். பழைய 500 ஜிபி டிஸ்க், டி டிரைவாக இன்னும் சுற்றுகிறது.

2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. இந்த வயதுக் கணினியை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. இணையத்திலிருந்து கழற்றி, கேசட் ஏற்ற மட்டும் வைத்திருக்கிறேன். மச்சானின் டப்பாவில் இன்னும் ஏழு கேசட் பாக்கி. 91 ஜிபி வேண்டும். டி டிரைவில் 180 காலியாக இருக்கிறது.