மக்காச்சோள அறுவடைக்கு வாடகை இயந்திரம் பிடிப்போர் கவனத்துக்கு

பெரம்பலூர்ப் பக்கம் தை அறுவடைக்கு இயந்திரம் பேசும் நேரம் நெருங்குகிறது. தரகர் வழியாக வரும் ஓட்டுநரிடம் வயலை ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற பருவத்தில் எங்கள் மானாவாரி நிலத்தில் நடந்தது இது.

வந்த இயந்திரம் அதற்கு முன்பு வரை நெல் அறுத்துக்கொண்டிருந்தது. மக்காச்சோளத்துக்கான முன்பகுதியை மட்டும் மாட்டிக்கொண்டு, உள்ளே எதையும் தொடாமல் வயலில் இறக்கிவிட்டார்கள். முதல் தொட்டியைக் கொட்டியபோதே மணிகள் பாதி பாதியாக உடைந்து மாவு பறந்தது. கேட்டதற்கு, “ஈரம் அதிகம் அண்ணே, வண்டியில் குறை ஒன்றும் இல்லை” என்றார் ஓட்டுநர்.

பச்சைப் பொய் அது. ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டினால் மணி நசுங்கும் என்பது உண்மைதான். எங்கள் கதிரோ தட்டையிலேயே நன்றாகக் காய்ந்திருந்தது. வியாபாரியின் ஈரமானியும் அதைத்தான் காட்டியது. நெல்லுக்கு, மணியை உதிர்க்கும் டிரம் வேகமாகச் சுழல வேண்டும். மக்காச்சோளத்துக்கு அந்த வேகத்தைக் குறைத்து, டிரம்முக்கும் அதன் அடியில் வளைந்திருக்கும் சல்லடைக்கும் நடுவே இடைவெளியைக் கூட்ட வேண்டும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அடுத்த வயலுக்கு ஓடும் அவசரத்தில் அந்த நேரத்தை எங்கள் விளைச்சலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இழப்பு அதோடு நிற்கவில்லை. உடைந்த மணியில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்; அஃப்ளாடாக்சின் நஞ்சுக்குப் பயந்து நாமக்கல் கோழித்தீவன ஆலைகள் அத்தகைய சரக்கைக் கழிக்கின்றன. அதைச் சொல்லியே வியாபாரி விலையைக் குறைத்தார். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். உடைந்த சரக்கை வைத்துக்கொண்டு அந்த விலையை யாரிடம் கேட்பது? தட்டை சிக்கி வண்டி நின்ற நேரத்துக்கும், அறுந்த சங்கிலியை மாற்றிய நேரத்துக்கும் சேர்த்து மணிக்கணக்கு போட்டு முழு வாடகையை வாங்கிக்கொண்டார்கள். தரகர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

வண்டி சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தச் சொல்லிப் பின்னால் போய்ப் பாருங்கள். தரையில் ஒரு சதுர மீட்டருக்கு இருபது மணி கிடந்தாலே ஏக்கருக்கு ஏறத்தாழ 25 கிலோ போகிறது. சக்கையில் மணி ஒட்டிக்கொண்டு வந்தால் டிரம் இடைவெளி அதிகம், அல்லது வேகம் போதவில்லை. உதிர்ந்த முழு மணிகள் சக்கையோடு சேர்ந்து வெளியே விழுந்தால் காற்று பலமாக வீசுகிறது, அல்லது மணியைச் சலித்துப் பிரிக்கும் சல்லடை அடைத்திருக்கிறது. முன்பகுதியின் அடியிலேயே மணி சிதறிக் கிடந்தால், கதிரைப் பிடித்து நிறுத்தும் இரு தகடுகளின் இடைவெளி அகன்றிருக்கிறது. கதிரின் அடிப்பகுதி, தட்டையைக் கீழே இழுக்கும் உருளையில் பட்டு உதிர்கிறது. முழுக் கதிர்களே விழுந்து கிடந்தால் முதலில் வண்டியின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். எல்லாமே வயலில் நின்றபடி சரிசெய்யக்கூடியவை. முடியாது என்று சொல்பவருக்கு வேலை தெரியாது, அல்லது செய்ய மனமில்லை.

வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம். தனியாரிடம் போகும் முன் அங்கே விசாரியுங்கள். தனியார்தான் என்றால், பழுதுபார்க்கும் நேரத்துக்கு வாடகை இல்லை என்பதையும், முதல் தொட்டியைப் பார்த்த பிறகே மீதி அறுவடை என்பதையும் தரகரிடம் சாட்சி வைத்துப் பேசுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வண்டியை வரப்பு தாண்டி உள்ளே விடாதீர்கள்.