குடல் அறுவைக்குப் பிறகு எம்.சி.டி. எண்ணெய்: ஆறு வாரப் பயன்பாடு

குடற்காசநோயால் சுருங்கிப்போன சிறுகுடலின் கடைப்பகுதியை, ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு, என் அக்காவுக்கு அகற்றிவிட்டு, எஞ்சியதைப் பெருங்குடலோடு இணைத்தார்கள். தையல் ஆறியது, உடல்தான் தேறவில்லை. இட்லிப்பொடியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் குழைத்துக்கொண்டால் போதும், மறுநாள் எண்ணெய் மிதக்க, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாத மலமாக அது வெளியேறிவிடும். அந்நிலையில் உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்ததுதான், நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலங்களால் ஆன இந்த எம்.சி.டி. எண்ணெய்.

இதன் பயனைப் புரிந்துகொள்ள, கொழுப்பைக் கரைத்து உடலில் சேர உதவும் பித்த உப்பின் கதை தெரிய வேண்டும். குடலுக்குள் வரும் பித்த உப்பில் சுமார் 95 விழுக்காட்டை உறிஞ்சிக் கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புவது சிறுகுடலின் கடைப்பகுதியே. அதில் 100 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டால், இழப்பைக் கல்லீரலால் ஈடுகட்ட முடியாமல், நாம் அன்றாடம் சேர்க்கும் எண்ணெய்களின் நீண்ட கொழுப்பு அமிலங்கள் கரையாமலேயே கழிந்துவிடுகின்றன. 8, 10 கார்பன் அணுக்கள் மட்டுமே கொண்ட எம்.சி.டி. கொழுப்புக்குப் பித்த உப்பின் துணை பெரிதாகத் தேவையில்லை. அது நிணநீர் வழியைச் சுற்றாமல் இரத்தத்தின் வழியே நேராகக் கல்லீரலை அடைகிறது.

எண்ணெய் தண்ணீர்போல் மெலிதாக இருக்கிறது. மணமோ சுவையோ இல்லை. இறக்கிவைத்த கஞ்சியிலும் குழைத்த பருப்புசாதத்திலும் கலந்தால் சாப்பிடுபவருக்குத் தெரிவதே இல்லை. குறைந்த சூட்டிலேயே புகைந்துவிடும் என்பதால் தாளிக்கவோ பொரிக்கவோ உதவாது. வேளைக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கச் சொல்லியிருந்தும், மூன்றாம் நாளே ஆசைப்பட்டு வெறும் வயிற்றில் 15 மில்லி கொடுத்தேன். அன்று மாலைவரை அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள், பிழை முழுவதும் என்னுடையது. பிறகு உணவோடு சிறிது சிறிதாகக் கூட்டி, நாளொன்றுக்கு மூன்று மேசைக்கரண்டிக்கு வந்தோம். கரண்டிக்குச் சுமார் 115 கலோரி. மலத்தில் எண்ணெய் மிதப்பது நன்றாகக் குறைந்துவிட்டது.

தயாரிப்பாளர்மீது எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. எடை கூடாமல் தவிக்கும் நோயாளி கையில் எடுக்கும் பாட்டிலில் 'உடல் இளைக்க' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எவ்வளவில் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு எங்குமே இல்லை. உடன் தந்த பிளாஸ்டிக் அளவுக்குவளையோ இரண்டாம் வாரத்திலேயே மங்கி விரிசல் விட்டது. சிலவகைப் பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய் அரிக்கும் என்பது தயாரிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இப்போது எவர்சில்வர் கரண்டியில் அளக்கிறோம்.

"இதுவும் தேங்காயிலிருந்து எடுப்பதுதானே, செக்கு எண்ணெயையே ஊற்றலாமே" என்று வீட்டுக்கு வந்த உறவினர் பலரும் கேட்டார்கள். தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி நீண்ட கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகத்தான் போகிறது. நமக்கு வேண்டிய 8, 10 கார்பன் அமிலங்களோ அதில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது.

அதற்காக வீட்டு எண்ணெயை முற்றிலும் நிறுத்திவிடவும் கூடாது. உடலால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் அமிலங்கள் எம்.சி.டி.யில் கிடையாது, தவிரவும், எஞ்சிய குடல் தன்னை வளர்த்துப் பழக்கப்படுத்திக்கொள்வதற்கு நீண்ட கொழுப்பே கூடுதலாகத் தூண்டுகிறது என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே எங்கள் உணவியல் நிபுணர் நல்லெண்ணெயைக் குறைத்தாரே தவிர விலக்கவில்லை. பி12 ஊசியும் தொடர்கிறது, ஏனெனில் அந்தச் சத்தை உறிஞ்சும் இடமே வெட்டப்பட்டுவிட்டது. பெருங்குடலும் இல்லாமல் வயிற்றில் மலம் சேரும் பை வைத்திருப்பவர்களுக்குக் கொழுப்பைப் பற்றிய கணக்கே வேறு. அவர்கள் இந்த அனுபவத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

பாட்டில் தீரப்போகிறது. எண்ணெயை மறுபடியும் வாங்குவோம். ஆனால் 8, 10 கார்பன் அமிலங்களின் அளவைத் தனித்தனியே அச்சிட்டிருக்கும், கண்ணாடிப் பாட்டிலில் வரும் வேறொரு தயாரிப்பாகப் பார்த்து வாங்குவோம்.