ஹோஷினோவா, கோண்டோவா? பிட்சர் மேலாளரானால் எந்த வழி

ஜப்பான் பேஸ்பாலில் பிட்சராக (பந்து வீசுபவராக) இருந்து மேலாளரானவர்கள், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளரானவர்கள், என்று பேச்செடுத்தால் முதலில் வருவது ஹோஷினோ செனிச்சியின் பெயர்தான். கோண்டோ ஹிரோஷியின் பெயர் அரிதாகவே வருகிறது. இருவருமே நகோயாவின் சூனிச்சி டிராகன்ஸ் வளர்த்த வலக்கை பிட்சர்கள், இருவருமே ஆண்டின் சிறந்த தொடக்க பிட்சருக்கான சவாமுரா விருது பெற்றவர்கள். ஆனாலும் என் வாக்கு கோண்டோவுக்கு.

கோப்பைக் கணக்கில் இருவரையும் ஒப்பிடவே முடியாது. ஹோஷினோ மேலாளராக 1,181 ஆட்டங்கள் வென்றவர். சூனிச்சி (1988, 1999), ஹன்ஷின் (2003), ரகுடென் (2013) என்று மூன்று அணிகளுக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தவர். கோண்டோ யோகோஹாமா அணியில் மேலாளராக இருந்தது 1998 முதல் 2000 வரை மூன்றே சீசன். முதல் ஆண்டிலேயே அந்த அணிக்கு 38 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டமும், செய்பு அணியை 4–2 என வென்று ஜப்பான் சீரிஸும் (இரு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) கிடைத்தன. மூன்று சீசனை வைத்து ஒருவரை எடைபோடுவது கொஞ்சம் துணிச்சல்தான். அந்த மூன்றுக்குள்ளும் பார்க்க வேண்டியது பிட்சர்களின் தோளை அவர் நடத்திய விதத்தை.

அதற்கு அவருடைய சொந்தக் கணக்கே காரணம். 1961-இல், முதல் சீசனிலேயே, 69 ஆட்டங்களில் 429 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 35 வெற்றி (அணி வெல்லும்போது ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும் கணக்கு) பெற்றார். ‘கோண்டோ, கோண்டோ, மழை, கோண்டோ’ என்று ஊரே கேலி பேசியது. மழை வந்தால்தான் அவருக்கு ஓய்வு. அடுத்த ஆண்டு 30 வெற்றி, அதற்கடுத்து 10, பிறகு 6. தோள் போன பின் பந்து வீசாமல் உள்களத் தடுப்பாளராகவும் (இன்ஃபீல்டர்) ஆடிப் பார்த்தார். 1968-இல் எல்லாம் முடிந்தது. மொத்தம் 82 வெற்றி, அதில் 65 முதல் இரண்டு ஆண்டுகளில் வந்தவை. தோள் பிரேக் கட்டை போலத் தேயும், ஆனால் கழற்றி மாற்ற முடியாது என்ற பாடம் அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

ஹோஷினோ 14 சீசன் ஆடி 146 வெற்றி எடுத்தவர். எதிரணியான யோமியுரி ஜயன்ட்ஸ் என்றாலே கொதிப்பார். அந்தக் கொதிப்பு மேலாளரான பிறகும் அடங்கவில்லை. 1987 ஆகஸ்ட் 9 அன்று, 18 வயது இடக்கையர் கொண்டோ ஷினிச்சியை (இவர் வேறு ஆள்) முதல் ஆட்டத்திலேயே ஜயன்ட்ஸுக்கு எதிராக இறக்கினார். பையன் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசிவிட்டான்! ஆனால் அவர் வாழ்நாளில் பெற்றது 12 வெற்றிதான். 1988-க்குப் பிறகு காயங்களால் ஒன்றுகூட இல்லை. 1990-இல் புதுமுகம் யோடா சுயோஷி 50 ஆட்டங்களில் 88 இன்னிங்ஸ் வீசி 31 சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்ததற்கான கணக்கு) எடுத்தார். அடுத்த ஆண்டே காயம். அந்த 31-ஐ அவர் மறுபடி எட்டவே இல்லை.

இதன் பக்கத்தில் 1998 யோகோஹாமாவை வையுங்கள். ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சரான க்ளோசர் சசாகி கசுஹிரோ 51 ஆட்டம், 56 இன்னிங்ஸ், 45 சேவ். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை ஆட்டங்களில் யோடாவைவிட 32 இன்னிங்ஸ் குறைவு. வேலை கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் மட்டும் என்று கோண்டோ கோடு கிழித்ததால் வந்த வித்தியாசம் அது. நடு இன்னிங்ஸ் வீசுபவர்களுக்கும் தொடக்க பிட்சர்களைப் போலவே முறை வைத்து, ஓய்வு நாளை முன்கூட்டியே ஒதுக்கினார் கோண்டோ. இந்த ஓய்வில் ஒரு நுணுக்கம் உண்டு. புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடம்) சூடேற்ற வீசும் பந்துகள் ஸ்கோர்கார்டில் ஏறாது. ‘ஒருவேளை தேவைப்படலாம்’ என்று மூன்று முறை எழுப்பி மூன்று முறை உட்கார வைத்தால், களமிறங்காமலேயே தோள் ஓர் ஆட்டம் வீசியிருக்கும். இன்று உனக்கு வேலை இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டால் அந்தத் தேய்மானம் இல்லை.

ஹோஷினோவும் மாறாமல் இல்லை. 1999-இல் யமாதா ஹிசாஷியைப் பிட்சிங் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு, கடைசி இன்னிங்ஸ்களை இவாசே, சன் டோங்-யோல் என்று பங்கிட்டார். அந்தப் புதுமுக இவாசே பிறகு 1,002 ஆட்டங்கள் வீசினார். ஆக, ஹோஷினோ தொட்ட தோளெல்லாம் உடைந்தது என்பது அவதூறு. இருந்தாலும் 2013 ஜப்பான் சீரிஸ் ஆறாவது ஆட்டத்தில் ரகுடென் பிட்சர் தனகா மசாஹிரோ 160 பந்து வீசித் தோற்றார். மறுநாள் ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் மறுபடி 15 பந்து. தனகாவே விரும்பினார் என்பார்கள். சரி, மறுப்பதற்குத்தானே மேலாளர்? கோப்பை கிடைத்ததால் அந்தக் கேள்வி அமுங்கிப்போனது.

நான்கு ஆண்டு தொடர்ந்து கடைசி இடத்தில் கிடந்த ஹன்ஷின் மாதிரி அணி என்றால் ஹோஷினோதான், வாதமே இல்லை. 2002 முடிந்ததும் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கழித்துக்கட்டி, மட்டையாளர் கனெமோதோவைக் கொண்டுவந்து, மறு ஆண்டே பட்டம் அடித்தவர். கோண்டோவுக்கு அந்தக் கை கிடையாது. அவர் முறை ஓட நம்பகமான நடு பிட்சர்கள் நாலு பேராவது வேண்டும், பின்னால் ஒரு சசாகியும் வேண்டும். 1999-இல் சசாகி முழங்கை அறுவைக்குப் போனார், 2000-இல் அமெரிக்காவின் சியாட்டில் அணிக்குப் போனார். யோகோஹாமாவுக்கு இரண்டு ஆண்டும் மூன்றாம் இடம்.